செஸ்வாஃப் நீமென் வெறும் நகல் பாடகரா?

"செஸ்வாஃப் நீமென் என்ற போலந்துப் பாடகரின் 1967ஆம் வருடப் பாட்டு ஒன்றைக் கேட்டேன், உடனே அமெரிக்க சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் ஞாபகம்தான் வந்தது. இவர் அவருடைய நகலா? நகல் இல்லையென்றால் போலந்துக்கு வெளியே ஏன் யாருக்கும் தெரியவில்லை? கம்யூனிஸ்ட் அரசு இவரை எப்படி விட்டுவைத்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: இந்த மனிதரிடம் சொந்தச் சரக்கு இருந்ததா? நிறையவே இருந்தது. ஆனால் நீங்கள் கேட்ட அந்த ஒரு பாட்டை மட்டும் வைத்து அதைச் சொல்லிவிட முடியாது. அவர் எங்கிருந்து வந்தார், அந்தப் பாட்டுக்கு அப்புறம் என்ன செய்தார் என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

நான் எந்த இடத்திலிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கீபோர்டு வாசிப்பது என் தொழில். வேலைக்காகப் போலந்தில் சில வருடம் இருந்தபோது பழைய எல்பி தட்டு விற்கும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் நீமெனின் தட்டுகளைத் தேடித் தேடி வாங்கினேன். அதனால் இசையைப் பற்றி நான் சொல்வதை ஓரளவு நம்பலாம். அரசியல் பற்றிச் சொல்வதெல்லாம் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதுதான். போலிஷ் மொழி எனக்குக் கடைவீதி அளவில் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிதையை அகராதி இல்லாமல் படிக்கும் அளவுக்கு வராது.

அவருடைய இயற்பெயர் செஸ்வாஃப் யூலியுஷ் விட்ஜிட்ஸ்கி. 1939 பிப்ரவரி 16ஆம் தேதி ஸ்தாரே வாசிலிஷ்கி என்ற கிராமத்தில் பிறந்தார். அப்போது அது கிழக்குப் போலந்து, இன்றைக்கு பெலாரூஸ். அவருக்கு ஏழு மாதம் ஆனபோது சோவியத் படை உள்ளே வந்து அந்தப் பகுதியை எடுத்துக்கொண்டது. குடும்பம் வீட்டை விட்டு நகரவில்லை, எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிப் போனது. அப்பா ஆர்கனுக்கும் பியானோவுக்கும் சுருதி சேர்ப்பவர். பையன் கோயில் பாட்டுக் குழுவில் பாடி வளர்ந்தான். கத்தோலிக்கக் கோயிலின் ஆர்கன், சுற்றியிருந்த பெலாரூஸ் கிராமங்களின் பாட்டு, ரேடியோவில் வரும் ரஷ்யப் பாட்டு எல்லாம் ஒரே வீட்டுக்குள் விழுந்திருக்கின்றன. குரோத்னோவில் கொஞ்ச காலம் இசைப் பள்ளியிலும் இருந்தார். சோவியத் யூனியனில் மாட்டிக்கொண்ட போலந்துக்காரர்கள் நாடு திரும்ப 1950களின் பிற்பகுதியில் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அதைப் பிடித்து 1958இல் குடும்பத்தோடு போலந்துக்கு வந்து சேர்ந்தார். வரும்போது வயது பத்தொன்பது. சொந்த நாடு என்று சொல்லப்பட்ட ஊருக்குள் அவர் நுழைந்ததே கிழக்கிலிருந்து வந்த ஆளாகத்தான்.

கிடான்ஸ்கில் இசைப் பள்ளியில் சேர்ந்து பசூன் படித்தார். கட்டைக் குரலில் பேசும் அந்த நீளமான மரக்குழல்தான். சாயங்காலம் ஆனால் 'ஜாக்' என்ற மாணவர் மன்றத்தில் கிட்டாரை வைத்துக்கொண்டு தென்னமெரிக்கப் பாட்டுகள் பாடுவார். 1962இல் ஷ்செச்சின் நகரில் இளம் திறமையாளர்களுக்கான போட்டி நடந்தது. அதில் தேர்வானவர் 'நியெபியெஸ்கோ சார்னி' குழுவில் பாடகராகச் சேர்ந்தார். நீலமும் கறுப்பும் என்று பொருள். குழுவை உருவாக்கியவர் ஃபிராஞ்சிஷெக் வாலிட்ஸ்கி என்ற பத்திரிகையாளர். ராக் அண்ட் ரோல் என்ற பெயரைக் கேட்டாலே அதிகாரிகள் முகம் சுளித்த காலம் அது. அதனால் அதே சரக்கை 'பிக் பீட்' என்று பெயர் மாற்றி மேடையேற்றிய கெட்டிக்காரர் அவர். குழு 1963 கடைசியில் பாரீஸின் ஒலிம்பியா அரங்குக்குப் போனது. விட்ஜிட்ஸ்கி என்ற பெயரை வெளிநாட்டுக்காரர் வாயில் நுழைக்க முடியாது என்று, பிறந்த ஊர்ப்பக்கம் ஓடும் ஆற்றின் பெயரான நீமென் மேடைப் பெயராயிற்று. அடுத்த ஜனவரியில் ஜெர்மனியில் பிறந்த புகழ்பெற்ற நடிகையும் பாடகியுமான மார்லீன் டீட்ரிச் வார்சாவில் பாட வந்தார். அவருக்கு முன்னால் மேடையில் இந்தக் குழு. நீமென் பாடிய 'இன்னும் என்னை நினைவிருக்கிறதா' என்ற பாட்டு அந்த அம்மாவுக்குப் பிடித்துப்போய், அதே மெட்டுக்கு ஜெர்மனில் வரி எழுதி ரெக்கார்டு செய்துவிட்டார். மெட்டு நீமெனுடையது. இருபத்தைந்து வயதுகூட ஆகாத ஒருவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சரி, நீங்கள் கேட்ட பாட்டுக்கு வருவோம். 'ஜிவ்னி யெஸ்த் தென் ஷ்வியாத்', அதாவது 'இந்த உலகம் விசித்திரமானது'. 'அக்வரெலே' என்ற தன் புதுக் குழுவோடு 1967இல் ஒபோலே நகரில் நடந்த போலிஷ் பாட்டு விழாவில் அதைப் பாடினார். வரியும் மெட்டும் அவருடையவை. ஜேம்ஸ் பிரவுனின் 'இது ஆண்களின் உலகம்' பாட்டு வந்தது 1966இல். இரண்டும் மெதுவான திஸ்ர நடை, இரண்டும் மைனர் ஸ்கேல், இரண்டிலும் பாடகர் கெஞ்சலில் தொடங்கி அலறலில் போய் முட்டுகிறார், 'உலகம்' என்ற சொல்கூட இரண்டுக்கும் பொது. நீமென் அதைக் கேட்டிருக்க மாட்டார் என்று யாராவது வாதாடினால் நான் நம்ப மாட்டேன். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசையைக் கரைத்துக் குடித்தவர் அவர், அதை மறைத்ததும் இல்லை. ஆனால் மெட்டை ஸ்வரம் ஸ்வரமாகப் போட்டுப் பார்த்தால் ஒன்றின் மேல் ஒன்று உட்காராது. பிரவுனின் மெட்டு சின்னச் சின்னச் சொற்றொடராக உடைந்து, இடைவெளி விட்டு விட்டுப் போகும். நீமெனுடையது மூச்சு முட்டும் அளவுக்கு நீட்டி இழுத்த வரிகள். உச்சியில் அவர் போடும் பிருகாக்களைக் கவனியுங்கள். அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயத்தில் வரும் இழுப்பு கொஞ்சம் இருக்கிறது, கூடவே கிழக்கு ஐரோப்பிய வழிபாட்டுப் பாட்டில் ஒரே உயிரெழுத்தைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குவார்களே, அதுவும் இருக்கிறது. அந்த இரண்டாவதை அவர் எந்த ரெக்கார்டிலிருந்தும் கற்கவில்லை, ஊரிலிருந்தே கொண்டுவந்தார். இது என் காதின் தீர்ப்பு. ஆவணம் காட்டச் சொன்னால் காட்ட முடியாது.

வரிகளும் வேறு ரகம். பிரவுன் பாடுவது ஆண் பெண் பற்றி. நீமென் பாடுவது மனிதனை மனிதன் இகழ்வதைப் பற்றி, கெட்ட வார்த்தை கத்தியைப் போலக் கொல்வதைப் பற்றி. ஆனாலும் நல்ல மனம் உள்ளவர்களே அதிகம், அவர்களால் இந்த உலகம் அழியாது என்று முடிக்கிறார். எழுத்தில் பார்த்தால் பள்ளிக்கூடச் சுவரில் எழுதக்கூடிய வாசகம்தான். அந்தக் குரலில் கேட்டால் அப்படித் தோன்றாது. 1967 போலந்தில் மேடைக்கு வந்த பாடகர்கள் கோட்டு போட்டு, சிரித்து, காதல் பாட்டைப் பாடிவிட்டுப் போவார்கள். அங்கே நீண்ட முடியும் பளபளக்கும் உடையுமாக ஒருவர் வந்து, உலகில் இவ்வளவு தீமை இருக்கிறதே என்று தொண்டை கிழியக் கத்தினால் எப்படி இருந்திருக்கும்? பாதிப் பேர் மெய்மறந்தார்கள், பாதிப் பேருக்கு இது பாட்டா கூச்சலா என்ற சந்தேகம். அதே பெயரில் வந்த ஆல்பம்தான் போலந்தில் தங்கத்தட்டு விருது வாங்கிய முதல் ஆல்பம்.

அந்த இடத்திலேயே நின்று பத்து வருடம் அதே மாதிரி பாட்டுகளைப் பாடிப் பிழைத்திருக்கலாம். நிற்கவில்லை. நகல் பாடகரா என்ற கேள்விக்கு எனக்கு இதைவிடப் பெரிய பதில் கிடையாது. 1969இல் அக்வரெலே முடிந்தது. ஹாமண்ட் என்ற மின்சார ஆர்கன் முன்னால் உட்கார்ந்தார், ஜாஸ்காரர்களைக் கூட்டினார்: ஆல்டோ சாக்ஸபோனுக்கு ஸ்பிக்னியெவ் நமிஸ்வோவ்ஸ்கி, டெனருக்கும் புல்லாங்குழலுக்கும் மிஹாவ் உர்பனியாக், டிரம்ஸுக்கு செஸ்வாஃப் பார்ட்கோவ்ஸ்கி. 1970 தொடக்கத்தில் வந்த 'எனிக்மாட்டிக்' ஆல்பம் பிறந்தது இப்படித்தான். அதன் முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, 16 நிமிடத்துக்கும் மேல். சிப்ரியான் நோர்விட் என்ற போலந்துக் கவிஞர் 1851இல் எழுதிய இரங்கற்பா அது.

நோர்விட்டை உயிரோடு இருக்கும்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. பாரீஸில் ஏழைப் போலந்துக்காரர்களுக்கான விடுதி ஒன்றில் 1883இல் இறந்தார். கவிதையின் நாயகன் ஜெனரல் யோசெஃப் பெம். போலந்திலும் ஹங்கேரியிலும் ஆக்கிரமிப்பாளர்களுக்கு எதிராகச் சண்டை போட்டுவிட்டுத் துருக்கியில் தஞ்சம் புகுந்து, முஸ்லிமாக மாறி, 1850இல் அலெப்போவில் காய்ச்சலில் இறந்தவர். (எலும்புகள் 1929இல்தான் சொந்த ஊரான தார்னூவுக்கு வந்தன. மதம் மாறியவரைப் புனித மண்ணில் புதைக்க முடியாது என்பதால் குளத்து நடுவே தூண்கள் நட்டு அதன் மேல் பேழையைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் பாருங்கள்.) உண்மையில் பெமுக்குக் கிடைக்காத ஒரு பழங்கால வீரனின் சவ ஊர்வலத்தை நோர்விட் கற்பனையில் நடத்துகிறார். தீப்பந்தம், கவசம், குதிரை, பருந்து, அழும் பெண்கள், கோடாரியால் தாளம் போடும் பையன்கள் எல்லாம் வருகிறார்கள். அடிகள் நீளமானவை, பழைய கிரேக்க லத்தீன் யாப்பின் நடையைப் போலிஷில் கொண்டுவரப் பார்த்தவை. நாலு நிமிடப் பாட்டுக்குள் அடங்குகிற சமாச்சாரமே இல்லை.

நீமென் என்ன செய்தார் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கவிதைக்கு மேலே நோர்விட் ஒரு லத்தீன் வாசகம் போட்டிருக்கிறார், 'தந்தைக்குக் கொடுத்த சத்தியத்தை இன்றுவரை இப்படியே காத்தேன்' என்று ரோமை எதிர்த்த பழங்காலத் தளபதி ஹானிபல் சொன்னது. வேறு யாராக இருந்தாலும் அதை விட்டுவிட்டு முதல் வரிக்குப் போயிருப்பார்கள். நீமென் அதையே கோரஸுக்குக் கொடுத்துவிட்டார். ஆரம்பத்தில் மணி ஒலிக்கிறது, கோரஸ் அந்த லத்தீன் வரியை ஜெபம் மாதிரி திரும்பத் திரும்பச் சொல்கிறது, அடியில் ஹாமண்ட் மெல்ல மெல்லத் தடிக்கிறது. அவருடைய குரல் வருவதற்கே சில நிமிடம் ஆகும். வந்ததும், இறந்தவரின் நிழலைப் பார்த்து ஏன் போகிறாய் என்று கேட்கிறது. ஹாமண்டில் இழுகம்பிகள் இருக்கும், எந்த மேல்சுரம் எவ்வளவு கலக்க வேண்டும் என்பதைக் கையால் இழுத்துத் தீர்மானிக்கலாம். ராக் குழுக்களில் பலர் அதைக் கரகரப்பாக்கி கிட்டாருக்குப் போட்டியாக வைப்பார்கள். நீமென் இங்கே அதைக் கோயில் ஆர்கன் போல நிதானமாக நிறுத்தி வாசிக்கிறார். சுருதி சேர்ப்பவரின் பிள்ளை வாசிப்பது அந்த ஒலியில் தெரிகிறது என்றுதான் ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும். கடைசியில் ஊர்வலம் நிற்பதில்லை. இன்னும் முன்னே, முன்னே என்று குரல் அதைத் தள்ளிக்கொண்டே போகிறது. இதற்கு முன்னோடி அமெரிக்காவிலும் கிடையாது, இங்கிலாந்திலும் கிடையாது. 1971இல் வந்த சிவப்பு அட்டை இரட்டை ஆல்பத்திலும் ஒரு பக்கத்தை அடைத்துக்கொள்ளும் பாட்டு ஒன்று உண்டு, நோர்விட்டும் உண்டு. ஆனால் என் கணக்கில் 'எனிக்மாட்டிக்'தான் உச்சம்.

அரசு எப்படி விட்டுவைத்தது என்றால், முதலில் ஒன்று: அவர் நிலத்தடிக் கலைஞர் இல்லை. தட்டுகளை வெளியிட்டதே அரசு நிறுவனமான போல்ஸ்கியே நக்ரானியா, பாடியது அரசு நடத்திய விழாக்களில், வரிகள் தணிக்கை அலுவலகம் வழியாகத்தான் போயாக வேண்டும். அந்த ஏற்பாட்டுக்குள் இருந்துகொண்டே ஓர் இடத்தைப் பிடித்தார். பாடப்புத்தகத்தில் இருக்கும் கவிஞனின் வரியைத் தணிக்கை அதிகாரி வெட்டுவது கஷ்டம் என்பது வெளிப்படை. அதற்காகவே அவர் நோர்விட்டிடம் போனார் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. தணிக்கையெல்லாம் ஒழிந்த பிறகும் அவர் நோர்விட்டை விடவில்லையே. அவரைத் துணிச்சலான எதிர்ப்பாளர் என்று கொண்டாடுபவர்களும், அரசின் செல்லப்பிள்ளை என்று திட்டுபவர்களும் போலந்தில் உண்டு. இரண்டு சட்டையும் அவருக்குப் பொருந்தாது.

போலந்துக்கு வெளியே தெரியவில்லை என்பது முழுக்கச் சரியில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸை ஒட்டி நடந்த இசை விழாவில் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் குழுவும் அமெரிக்க ஜாஸ் மேதை சார்லஸ் மிங்கஸும் வாசித்த வரிசையில் இவரும் வாசித்தார். கூட இருந்தவர்கள் தெற்குப் போலந்தின் சைலீசியாவிலிருந்து வந்த யோசெஃப் ஸ்க்ஷெக், அப்போஸ்தோலிஸ் அந்திமோஸ், யெஜி பியோத்ரோவ்ஸ்கி. பிறகு எஸ்பிபி என்ற பெயரில் தனியாகப் பேர் வாங்கிய மூவர். (நம் எஸ்பிபி இல்லை!) சிபிஎஸ் என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்துக்காக மூன்று ஆங்கில ஆல்பங்கள் செய்தார். கடைசி ஆல்பம் 1974இல் வந்தது, அமெரிக்காவில் பதிவானது. மகாவிஷ்ணுவில் இருந்த யான் ஹாமரும் ரிக் லேர்டும் அதில் வாசித்திருக்கிறார்கள். பிளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ் என்ற அமெரிக்க ஜாஸ்-ராக் குழு அவரைப் பாடகராக அழைத்தது, அவர் மறுத்தார் என்ற கதையைப் பல இடத்தில் படிப்பீர்கள். அதைக் கேள்விப்பட்ட செய்தியாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் பாரம் ஏற்ற வேண்டாம்.

அந்த ஆல்பங்கள் ஏன் ஓடவில்லை? கடவுச்சீட்டை அரசிடம் கேட்டு வாங்கி, பயணம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்கிற நாட்டிலிருந்து வரும் கலைஞன், தட்டு வெளியானதும் ஊர் ஊராகப் போய் வாசித்து விற்க முடியாது. இது ஒரு காரணம். எனக்குப் படுகிற முக்கியக் காரணம் வேறு. போலிஷின் அடர்ந்த மெய்யெழுத்துகளை அவர் தாளத்துக்கு ஆயுதமாக வைத்திருந்தார். ஆங்கிலத்தில் அந்த ஆயுதம் கையில் இல்லை. குரல் அதேதான், சொற்களின் மேல் கால் வைக்கத் தயங்கி நடக்கிறது. பெம் இரங்கற்பாவின் ஆங்கில வடிவத்தையும் மூலத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால் உங்களுக்கே தெரிந்துவிடும். ஜாஸ் வாசிப்பு ஆங்கிலத் தட்டில்தான் மெருகு, அதை மறுக்கவில்லை. ஆனால் சவ ஊர்வலம் காணாமல் போய்விடுகிறது.

அதற்குப் பிறகான வாழ்க்கையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1973இல் போலந்து இயக்குநர் ஆந்த்ரெய் வாய்தா எடுத்த 'கல்யாணம்' படத்தில் வரும் வைக்கோல் பொம்மைக்குக் குரல் இவருடையது. அப்புறம் சிந்தசைசர் பக்கம் சாய்ந்தார். 1976இன் 'கதார்சிஸ்' ஏறக்குறைய தனியாளாக, மின்னணுக் கருவிகளை அடுக்கிச் செய்தது. அந்தக் காலத்துக்கு அபாரமான உழைப்பு. ஆனால் அந்த மாதிரிக் குரலை வைத்துக்கொண்டு அதில் இவ்வளவு குறைவாகப் பாடினாரே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. 1979இல் போலந்தின் சோபோத் பாட்டு விழாவில் பெரும்பரிசு. 1981 டிசம்பரில் ராணுவச் சட்டம் வந்தது. கலைஞர்கள் பலர் அரசுத் தொலைக்காட்சியைப் புறக்கணித்த நேரத்தில் அவருடைய பேட்டி ஒன்று அதில் ஒளிபரப்பானது. ராணுவச் சட்டத்தை ஆதரிப்பவர் போன்ற தோற்றம். தன் பேச்சை வெட்டி ஒட்டிவிட்டார்கள் என்றார் நீமென். ஒளிபரப்பானது நிச்சயம், அவர் மறுத்ததும் நிச்சயம். ஆனாலும் அந்தக் கறை ஒட்டிக்கொண்டது, சக கலைஞர்கள் சிலரே நெடுநாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஆல்பங்கள் அரிதாகத்தான் வந்தன: 1989இல் ஒன்று, 2001இல் வீட்டில் கணினியை வைத்துச் செய்த கடைசி ஒன்று. 2004 ஜனவரி 17ஆம் தேதி வார்சாவில் புற்றுநோயால் இறந்தார். வயது 64.

வார்சா போனால் இன்னொரு வேடிக்கையும் காணலாம். லேகியா வார்சா கால்பந்துக் குழுவின் ஆட்டம் தொடங்குமுன் அரங்கமே கழுத்துத் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு 'வார்சா பற்றிய கனவு' என்ற பாட்டைப் பாடும். 1966இல் நீமென் பாடியது, வரி மாரெக் காஷின்ஸ்கி. அவர் இறந்த வருடத்திலிருந்து இது வழக்கம். தலைநகரத்தின் விளையாட்டுப் பாட்டைப் பாடி வைத்துவிட்டுப் போனவர், இன்றைய பெலாரூஸில் பிறந்து பத்தொன்பது வயதில் எல்லை தாண்டி வந்தவர் என்பது அங்கே கத்திப் பாடும் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்குமோ.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அடுத்ததாக 'எனிக்மாட்டிக்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கும் 'ஒரே ஒரு இதயம்' பாட்டைப் போடுங்கள். ஆதாம் அஸ்னிக்கின் கவிதை, ஓர் இதயம் போதும் என்று கெஞ்சுகிற பாட்டு, சோல் பிடித்தவர்களுக்கு உடனே ஒட்டும். அதன் பிறகு முதல் பக்கத்துக்குப் போய் 16 நிமிடத்தையும் ஹெட்போனில், நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள். வரிகளின் பொருளை முன்பே ஒருமுறை படித்துக்கொண்டால் நல்லது, ஊர்வலத்தில் யார் எப்போது வருகிறார்கள் என்று தெரியும். ஆங்கில ஆல்பங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.